எலுமிச்சை வாசனையோடு வரும் கொள்ளைக்கூட்டம்

கொட்டாத தேனீ என்றால் சாது என்று நினைப்பவர்கள் பிரேசிலின் ஜட்டாய் தேனீயைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மூர் கொசுத்தேனீக்குத் தூரத்து உறவு. கூட்டு வாசலில் மெழுகால் செய்த சின்னக் குழாய். அதன் வாயில் சில காவல் தேனீக்கள் நிற்கும். வேறு சில, குழாயின் இரு பக்கமும் அந்தரத்தில் மிதந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். இரை தேடப் போகும் தேனீக்களைவிட இவை 30% எடை அதிகம் என்று 2012-ல் ஆய்வு வந்தது.

ஆள் அடையாளம் எப்படி? தேனீயின் மேல்தோலில் ஹைட்ரோகார்பன்களாலான மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. உடம்பு ஈரம் வற்றாமல் காப்பது அதன் அடிப்படை வேலை. ஆனால் கலவையின் அளவுகள் கூட்டுக்குக் கூடு மாறும். உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தாலே உள்ளூரா வெளியூரா என்று தெரிந்துவிடும். போர்னியோ, ஆஸ்திரேலியா இனங்கள் சில, மரப்பிசினிலிருந்து வரும் டெர்பீன்கள் என்ற மணப்பொருள்களையும் உடம்பில் பூசிக்கொள்கின்றன. பூச்சி தன் மணத்தை மரத்திடம் கடன் வாங்குகிறது, எவ்வளவு அழகு!

அப்புறம் அந்தக் கொள்ளைக்காரர்கள். லெஸ்ட்ரிமெலிட்டா என்ற தேனீ இனம். பின்காலில் மகரந்தக் கூடையே கிடையாது, அடுத்தவர் கூட்டைச் சூறையாடித்தான் பிழைப்பு. தலையிலுள்ள சுரப்பியிலிருந்து சிட்ரால் கமழும், எலுமிச்சை வாசனை. தன் கூட்டத்தை அழைக்கும் அதே மணம் ஜட்டாய்க்கு அபாய அறிவிப்பாகிவிடுகிறது. உடனே கூடுதல் காவல் தேனீக்கள் வெளியே வந்து மிதக்கும். எதிரியின் இறக்கையைக் கவ்வினால் பிடியை விடாது. பெரும்பாலும் செத்துப்போவது சின்ன ஜட்டாய்தான், ஆனால் கொள்ளைக்காரனாலும் அதன்பின் பறக்க முடியாது.