பெங்களூர் அல்சூர் வீட்டு நாட்குறிப்பு: அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வரும் டிசம்பர்

நவம்பர் 30, ஞாயிறு

தம்பி குடும்பம் டிசம்பர் 19 அன்று கலிபோர்னியாவில் விமானம் ஏறி 21 விடியற்காலை பெங்களூரில் இறங்குகிறது. பெரியவளுக்கு ஐந்து வயது. சின்னவனுக்கு இரண்டு முடிந்து மூன்று நடக்கிறது. இரண்டே வாரம். அதற்குள் குலதெய்வம், மொட்டை, சொந்தபந்தம், ஊர் சுற்றல் எல்லாம் வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையும் அடைத்தால் பிள்ளைகள் காய்ச்சலில் படுப்பார்கள். எது முன்னால், எது பின்னால், எதை விடுவது என்பதைத் தேதிவாரியாக இங்கே எழுதுகிறேன். வெளிநாட்டுப் பேரப்பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் மற்ற வீடுகளுக்கும் பயன்படட்டும்.

இன்று போனில் சொன்னது இரண்டு. முதலாவது தடுப்பூசி. டைபாய்டு ஊசி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டிருக்க வேண்டும், ஆகவே 5-ஆம் தேதிக்குள். அமெரிக்காவில் அந்த ஊசி இரண்டு வயது நிறைந்தால்தான் உண்டு. நம் பிள்ளைகள் இருவருக்கும் போடலாம். ஆறு முதல் பதினொரு மாதக் கைக்குழந்தையோடு வருபவர்கள் தட்டம்மைக்கான எம்எம்ஆர் ஊசியை முன்கூட்டியே போடுவது பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாவது ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை. அமெரிக்கக் குழந்தைப் பாஸ்போர்ட்டுக்கு ஐந்து வருடம்தான் ஆயுள், பெரியவளுக்கு இப்போதுதான் புதிது வந்தது. இருபது வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டுக்கும் அதன் நகலையும் புதுப் புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். கட்டணம் இல்லை, ஆனால் மறந்துபோகிற வேலை. புகைப்படத்தை மொட்டைக்கு முன்பே எடுத்து முடித்துவிடுவது நல்லது.

டிசம்பர் 7, ஞாயிறு

வீட்டைத் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். நின்று பார்த்தால் தெரியாதது அத்தனையும் தெரிகிறது.

முதல் ஆபத்து தாத்தா பாட்டியின் மாத்திரை டப்பா. திங்கள், செவ்வாய் என்று அறை அறையாக இருக்கும் அந்த டப்பாவை இரண்டு வயதுக் குழந்தை நொடியில் திறந்துவிடும். கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் சின்ன உடம்பில் சர்க்கரை அபாயமாக இறங்கும். டப்பா இன்றோடு பீரோவுக்குள், சாவி அம்மாவின் இடுப்பில். பீரோவிலிருந்த அந்துருண்டைகளை வெளியேற்றியாயிற்று. பார்க்க மிட்டாய் மாதிரியே இருக்கும், விழுங்கினால் விஷம். பினாயிலும் டாய்லெட் ஆசிடும் பரணுக்குப் போயின. கொசு மருந்து லிக்விடைத் தரையோரப் பிளக்கில் செருகக் கூடாது. சோபாவுக்குப் பின்னால் இருக்கும் யுபிஎஸ் பேட்டரிக்கு மூடிய பெட்டி வாங்கினேன்.

குளியலறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். குழாயைத் திருகினால் கலந்த வெந்நீர் வரும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, கீஸரிலிருந்து கொதிக்கக் கொதிக்கப் பிடித்துவைத்த பக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. கையை விடும், கால் வழுக்கி உள்ளேயே விழும். விதி ஒன்றுதான்: பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன் மேல் வெந்நீர். கீஸர் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு இறக்கியாயிற்று. கதவின் உள்தாழ்ப்பாளைக் கயிற்றால் கட்டிவிட்டேன். குழந்தை உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டால் அதற்குத் திறக்கத் தெரியாது.

மின்சாரம்: நம்மிடம் 230 வோல்ட், அங்கே 120. போன், லேப்டாப் சார்ஜரில் 100–240 என்று அச்சிட்டிருக்கும், வெறும் பிளக் மாற்றி போதும். பால்புட்டி சூடாக்கி, நெபுலைசர், ஈரப்பத மெஷின் ஆகியவற்றில் 120 மட்டும் என்றிருந்தால் இங்கே செருகிய உடனே புகைந்துவிடும். அவற்றை அங்கேயே விட்டுவரச் சொன்னேன். நெபுலைசர் இங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கும்.

டிசம்பர் 13, சனி

வண்டி ஏற்பாடு. மஞ்சள் போர்டு டாக்சியில் குழந்தை இருக்கை இருக்காது, அவர்களுடையதைத்தான் கொண்டுவர வேண்டும். அதில் ஒரு சிக்கல் பலருக்குத் தெரியாது. அமெரிக்கக் கார்களில் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துவிட்டால் அது பூட்டிக்கொள்ளும், இருக்கை ஆடாது. நம் ஊர் கார்களின் பெல்ட் பெரும்பாலும் சடாரென்று இழுத்தால் மட்டும் பிடிக்கும், மற்ற நேரம் தளர்ந்தே இருக்கும். இருக்கையைக் கட்டிவிட்டதாக நினைப்போம், ஒரு திருப்பத்தில் சாய்ந்துவிடும். இருக்கையிலேயே பெல்ட் பூட்டு இருக்கிறதா என்று கையேட்டைப் பார்க்கச் சொன்னேன். இல்லையென்றால் லாக்கிங் கிளிப் என்ற சின்ன இரும்புத் தகட்டை வாங்கி வர வேண்டும். கட்டிய பிறகு பெல்ட் போகும் இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்கவும். ஓர் அங்குலத்துக்கு மேல் நகர்ந்தால் மறுபடி கட்டவும்.

தாத்தாவுக்குப் பேரனை ஸ்கூட்டர் முன்னால் நிறுத்தி ஏரிக்கரையைச் சுற்ற ஆசை. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுநரோடு பிணைக்கும் பெல்ட்டும் வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். 2023 முதல் நடப்பில் இருக்கிறது. முன்னால் நிற்க வைப்பது எந்த வயதிலும் வேண்டாம். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லியாயிற்று. ஏரிக்கரைக்கு நடந்தே போகலாம், திருவள்ளுவர் சிலையையும் காட்டலாம்.

டிசம்பர் 21, ஞாயிறு

வந்துவிட்டார்கள். விடியற்காலையில் தேவனஹள்ளி விமான நிலையத்திலிருந்து அல்சூருக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். அதே தூரம் காலை எட்டு மணிக்கு மேல் இரண்டு மணி நேரம் கேட்கும். டிக்கெட் போடும்போதே இறங்கும் நேரத்தைப் பார்க்க வேண்டியது இதற்காகத்தான்.

இப்போது நமக்கும் கலிபோர்னியாவுக்கும் பதிமூன்றரை மணி நேர வித்தியாசம். உடம்புக் கடிகாரம் நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான் நகரும். ஆக, பிள்ளைகள் முழுசாகப் பழகும்போது திரும்பிப் போகிற நாள் வந்திருக்கும். இதை ஒப்புக்கொண்டு திட்டம் போட்டால் பாதிச் சண்டை குறையும். மாலை ஐந்து மணி அவர்களுக்கு அதிகாலை மூன்றரை. அந்த நேரத்தில் கோயில், கல்யாண வீடு, ஹோட்டல் எதுவும் முதல் ஐந்து நாளுக்குக் கிடையாது. வெளியே போவதெல்லாம் காலை எட்டிலிருந்து பன்னிரண்டுக்குள்.

இன்று செய்தது: வந்ததும் வெந்நீர்க் குளியல், இரண்டு இட்லி, இரண்டு மணி நேரத் தூக்கம். பிறகு எழுப்பி மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம். மதியம் இன்னொரு இரண்டு மணி நேரம். எழுப்பினால் அழும், பார்க்கவே மனசு கேட்காது. ஆனாலும் எழுப்ப வேண்டும். பகலில் ஆறு மணி நேரம் தூங்கவிட்டால் ராத்திரி மொத்த வீடும் விழித்திருக்கும்.

டிசம்பர் 22, திங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு இருவரும் எழுந்தார்கள். அங்கே அப்போது மதியம் பன்னிரண்டரை, சாப்பாட்டு வேளை. பசிதான் எழுப்புகிறது. அதட்டித் தூங்கவைக்க முடியாது. மேஜையில் தயிர் சாதமும் வாழைப்பழமும் தயாராக இருக்க வேண்டும். பெரிய விளக்கு, டிவி, போன் மூன்றும் கூடாது. சாப்பிடவைத்து, மெல்லிய வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் பிளாக் அடுக்கவிட்டு, மறுபடி படுக்கவைக்க வேண்டும். பெரியவர்கள் ஆள் மாற்றி ஆள் முறை போட்டுக்கொள்ளவும். எல்லாரும் ஒன்றாக விழித்திருந்தால் காலையில் பிள்ளைகளைப் பார்க்கத் தெம்புள்ள ஆள் இருக்காது.

பால்: பெரியவள் ஒரு வாய் வைத்துவிட்டுத் தள்ளினாள். அங்கே அவள் குடிப்பது 3.25 சதவீதக் கொழுப்பு. நந்தினி நீலப் பாக்கெட் 3 சதவீதம், அதுதான் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். ஆரஞ்சுப் பாக்கெட் கெட்டி. காய்ச்சி ஆறவைத்து, ஆடையை வடிகட்டி, பிரிட்ஜில் குளிரவைத்துத் தந்தால் குடிக்கிறாள். சுடச்சுடத் தந்தால் வேண்டாம் என்கிறாள்.

டிசம்பர் 24, புதன்

சின்னவனுக்கு வயிற்றுப்போக்கு, லேசான காய்ச்சல். “அண்ணி, அங்க மாதிரியே அஞ்சரை மில்லி குடுத்துடலாமா?” என்று தம்பி மனைவி கேட்டாள். இங்கேதான் கவனம் வேண்டும், எத்தனை வீட்டில் நடக்கும் தவறு இது.

அமெரிக்கப் பாராசிட்டமால் சிரப்பில் 5 மி.லி.க்கு 160 மி.கி. மருந்து. நம் கடையில் 120, 125, 250 என்று பல அளவு. சொட்டு மருந்தில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. குழந்தையின் எடைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. என்பது வழக்கமான கணக்கு. இவன் 12 கிலோ, ஆகவே 180 மி.கி. அமெரிக்கச் சிரப்பில் அது 5.6 மி.லி. இங்கத்திய 250 சிரப்பில் 3.6 மி.லி. சொட்டு மருந்தில் 1.8 மி.லி. தான். பழக்கத்தில் சொட்டு மருந்தை ஐந்தரை மி.லி. ஊற்றினால் மூன்று மடங்கு உள்ளே போய்விடும். பாட்டிலைப் படித்து, மி.கி.யில் கணக்குப் போட்டு, டாக்டரிடம் ஒருமுறை சரிபார்த்து, கூடவே வரும் அளவுக் குழலில்தான் கொடுக்க வேண்டும். சமையலறை ஸ்பூன் கூடாது. டெங்கு இல்லை என்று தெரியும்வரை ஐபுபுரூஃபென் தரவே வேண்டாம். அது ரத்தக்கசிவைக் கூட்டும்.

ஓஆர்எஸ் (உப்புச் சர்க்கரைப் பொடி): ஒரு லிட்டருக்கான பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்கவும். பாதிப் பொடியை டம்ளரில் கலக்கினால் உப்பு அதிகமாகி நிலைமை மோசமாகும். 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிட வேண்டும். ஒவ்வொரு தடவை போனதும் இரண்டு வயதுக்குக் கீழே 50–100 மி.லி., அதற்கு மேல் 100–200 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஆரம்பிக்கலாம். கடையில் அட்டை டப்பாவில் விற்கும் பழரசம் இதற்கு ஈடில்லை, அதன் சர்க்கரை போக்கைக் கூட்டும். கண் குழிந்து, சிறுநீர் ஆறு மணி நேரம் வராமல், குழந்தை துவண்டால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் 108.

டிசம்பர் 25, வியாழன்

போக்கு நின்றது. பருப்பு சாதம் சாப்பிட்டான். இன்றைய திட்டம் எல்லாம் ரத்து.

டிசம்பர் 27, சனி

சொந்தக்காரர் நாள். ராஜாஜிநகர், ஒயிட்ஃபீல்ட், எலெக்ட்ரானிக் சிட்டி என்று வீடு வீடாகப் போனால் ஒவ்வொன்றுக்கும் போக்குவரத்திலேயே மூன்று மணி நேரம் போகும். எல்லாரையும் இங்கேயே காலை பத்து முதல் ஒன்று வரை வரச்சொன்னோம். “நாங்க கூப்பிட்டா வரமாட்டீங்களா” என்று பெரியம்மாவுக்கு வருத்தம். உள்ளது உள்ளபடி சொன்னதும் புரிந்துகொண்டார்.

சாப்பாட்டில் கவனித்தது நிலக்கடலை. பெங்களூர்ச் சமையலில் அது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது, சித்ரான்னத்தில் முழுசாக, சட்னியில் அரைத்து. ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் அட்ரினலின் ஊசிப் பேனா இரண்டு அங்கிருந்தே கொண்டுவர வேண்டும், இங்கே கடைக்குக் கடை கிடைக்காது. ஒவ்வாமை இல்லாவிட்டாலும் நான்கு வயதுக்குக் கீழே முழுக் கடலை, கடலை மிட்டாய், நறுக்காத திராட்சை தரக் கூடாது. மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். இருமல் உள்ளவர்கள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மனம் கோணாமல் ஒத்துழைத்த எல்லாருக்கும் நன்றி.

டிசம்பர் 28, ஞாயிறு

அல்சூரிலிருந்து மெட்ரோவில் கப்பன் பார்க் மூன்றாவது ஸ்டேஷன். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கீழே டிக்கெட் இல்லை, சின்னவன் இலவசம், பெரியவளுக்கு டிக்கெட். தள்ளுவண்டி வேண்டாம், நடைபாதைக் கல் பெயர்ந்து கிடக்கும் ஊரில் அது பெரிய பாரம். மார்பில் கட்டும் தொட்டில் பை போதும். விஸ்வேஸ்வரய்யா அறிவியல் மியூசியம் பக்கத்திலேயே. காலை ஒன்பதரைக்குத் திறந்ததும் போனால் பிள்ளைகள் பொத்தானை அமுக்கி விளையாட இடம் இருக்கும், பதினொன்றுக்கு மேல் கூட்டம். பன்னேர்கட்டா உயிரியல் பூங்கா போக நினைப்பவர்கள் செவ்வாய் விடுமுறை என்பதை மறக்க வேண்டாம்.

திரும்பும்போது ஆட்டோ. முதல் இரண்டு கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 18. இரவு பத்திலிருந்து ஐந்து வரை ஒன்றரை மடங்கு.

டிசம்பர் 30, செவ்வாய்

வைகுண்ட ஏகாதசி. பிள்ளைகளை வரிசையில் நிறுத்தவில்லை. பெரியவர்கள் மட்டும் போய் வந்தோம்.

ஜனவரி 1, வியாழன்

கிருஷ்ணகிரிப் பக்கம் குலதெய்வம், மொட்டை. காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஓசூர் நெரிசலுக்கு முன் தாண்டிவிடலாம். டெம்போ டிராவலரில் பல வண்டிகளில் பின் இருக்கைக்குப் பெல்ட் இருக்காது, குழந்தை இருக்கையைக் கட்ட முடியாது. இன்னோவா எடுத்தோம். தமிழ்நாட்டுப் பெர்மிட் கட்டணம் வாடகையில் சேர்த்தியா என்று முன்பே கேட்டுக்கொள்ளவும்.

மொட்டைக்குப் புது பிளேடை உறை பிரிப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே உட்கார வைக்க வேண்டும். பசியோடும் தூக்கத்தோடும் உள்ள குழந்தை தலையை ஆட்டும், வெட்டு விழும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, மாமன் மடியில், நெற்றியையும் பின்கழுத்தையும் பிடித்துக்கொண்டு. சந்தனத்தை அங்கேயே புதிதாகக் கரைத்துப் பூசச் சொல்லவும். திரும்பும்போது தொப்பி. ஜனவரி மாலைக் குளிர் மொட்டைத் தலைக்கு ஆகாது.

ஜனவரி 3, சனி

மூட்டை கட்டும் நாள். சாம்பார் பொடி, பருப்புப் பொடி எல்லாம் பெரிய பெட்டியில். அமெரிக்க விமானத்தில் 350 மி.லி. அளவுக்கு மேல் பொடியைக் கைப்பையில் வைத்தால் தனிச் சோதனை, எடுத்தும் விடலாம். பச்சைக் கறிவேப்பிலையும் அரிசியும் அனுமதி இல்லை, அம்மா ஆசையாகக் கட்டியதைப் பிரித்து எடுத்தாயிற்று. ஊறுகாய் போகலாம். ஜாடியை இரட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டி, உணவுப்பொருள் இருக்கிறது என்று அமெரிக்கச் சுங்கத்தில் சொல்ல வேண்டும்.

விமானம் 4-ஆம் தேதி அதிகாலை மூன்று மணி. டிக்கெட்டில் 4 என்றிருப்பதைப் பார்த்து நாளை ராத்திரி என்று எண்ணிவிடக் கூடாது, கிளம்புவது இன்று இரவு ஒன்பதரைக்கு. பிள்ளைகளுக்கு ஏழு மணிக்குச் சாப்பாடு, எட்டு மணிக்குப் பயண உடை. கைப்பையில் ஆளுக்கு இரண்டு மாற்றுத் துணி, ஓஆர்எஸ் பாக்கெட், பாஸ்போர்ட், ஓசிஐ. குழந்தை இருக்கையை இப்போதே டாக்சியில் கட்டிப் பார்த்தேன், ஆடவில்லை.