நாங்கள் எழுதாத வரிகள்

ஜாவா நிரல்களிலிருந்து அமேசானின் கிளவுட் சேவைகளை அழைக்க உதவும் நூலகமான அமேசான் எஸ்டிகேயின் முதல் பதிப்பு 2024 ஜூலை 31 அன்று பராமரிப்பு நிலைக்குச் சென்றது. 2025 டிசம்பர் 31 உடன் அதற்கான ஆதரவும் முடிந்தது. இரண்டாம் பதிப்பு 2018 நவம்பரிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதால், அவகாசம் போதவில்லை என்று சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. எல்லாக் குழுக்களையும் போல நாங்களும் இந்த மாற்றத்தைக் கடைசி ஆண்டில்தான் கையில் எடுத்தோம். விலைப்பட்டியல்களைப் பிடிஎஃப் கோப்புகளாக்கி அமேசானின் கோப்புக் கிடங்கான எஸ்3 இல் சேமித்து, எஸ்கியூஎஸ் எனும் செய்தி வரிசையில் ஒரு செய்தியைப் போட்டுவிடும் பழைய சேவை ஒன்றுதான் என் பொறுப்பில் வந்தது.

பெயர் மாற்றங்களில் சிரமம் எதுவும் இருக்கவில்லை. பேக்கேஜ் பெயர் முழுவதும் மாறியிருந்ததால் விடுபட்ட இடங்களைக் கம்பைலரே சிவப்புக் கோடிட்டுக் காட்டியது. புதிய பதிப்பில் ஒரு சேவையை அழைக்கும் பொருளான கிளையன்டை பில்டர் வழியாகத்தான் உருவாக்க முடியும்; உருவாக்கிய பிறகு அதில் யாரும் கை வைக்க முடியாது. எங்கள் பழைய நிரலில், எல்லோரும் பகிர்ந்துகொண்ட ஒரு கிளையன்டின் ரீஜனை, அதாவது எந்தப் பகுதியின் தரவு மையம் என்பதை, எங்கோ ஒரு மூலையில் இருந்த மெத்தட் ஓடும்போதே மாற்றிக்கொண்டிருந்ததை இந்தக் கட்டுப்பாட்டால்தான் கண்டுபிடித்தோம்.

தொல்லை கொடுத்தவை நாங்கள் எழுதிய வரிகள் அல்ல, எழுதாமல் விட்டவை. முதல் பதிப்பில் கிளையன்ட் கான்ஃபிகரேஷன் என்ற ஒரே வகுப்புக்குள் ப்ராக்ஸி, டைம்அவுட், மறுமுயற்சி எல்லாம் ஒரே பெட்டியில் திணித்த துணிகளைப் போலக் கிடந்தன. இரண்டாம் பதிப்பு அவற்றைப் பிரித்து, இணைப்பு தொடர்பானவற்றை எச்டிடிபி கிளையன்டுக்கும், முழு அழைப்பின் கால வரம்பையும் மறுமுயற்சியையும் ஓவர்ரைடு கான்ஃபிகரேஷனுக்கும் கொடுத்துவிட்டது. இந்தப் பிரிவினை எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் நாங்கள் எந்த டைம்அவுட்டையும் குறிப்பிட்டிருக்கவில்லை. டிஃபால்ட் மதிப்பே போதும் என்று விட்டிருந்தோம். இணைப்பை ஏற்படுத்த முதல் பதிப்பு 10 விநாடிகள் காத்திருந்தது. இரண்டாம் பதிப்பின் அப்பாச்சி கிளையன்ட் 2 விநாடிகள்தான் காத்திருக்கும். தரவுக்காகக் காத்திருக்கும் நேரமும் 50 விநாடிகளிலிருந்து 30 ஆகக் குறைந்திருந்தது. மெதுவான இணைப்புள்ள ஒரு கிளை அலுவலக சர்வரில் ஓடிய பிரதி மட்டும் மாலை நேரங்களில் ஏன் தோற்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் நெட்வொர்க் குழுவைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். மறுமுயற்சியிலும் இதே போன்ற ஒரு நுணுக்கம் உண்டு: பழைய அமைப்பில் 3 என்றால் முதல் அழைப்பு போக மூன்று மறுமுயற்சிகள், புதிய ரீட்ரை ஸ்ட்ராட்டஜியில் அதிகபட்ச முயற்சி 3 என்றால் முதல் அழைப்பும் அதில் அடக்கம். எண்ணை அப்படியே நகலெடுத்தால் ஒரு மறுமுயற்சி காணாமல் போகும்.

நாங்கள் யார் என்று அமேசானிடம் காட்டும் சாவிகளின் கதை இதைவிடச் சிக்கலானது. முதல் பதிப்பு சாவியைத் தேடும் இயல்பான வரிசை முதலில் இயங்குதளத்தின் சூழல் மாறிகளையும் அடுத்து ஜாவாவைத் தொடங்கும்போது கொடுக்கும் சிஸ்டம் ப்ராப்பர்டிகளையும் பார்க்கும். இரண்டாம் பதிப்பில் இந்த இரண்டும் இடம் மாறிவிட்டன. எங்கள் தொடக்க ஸ்கிரிப்டில், வேலையை விட்டுப் போன ஒருவருடைய சாவி ப்ராப்பர்டியாகப் பல ஆண்டுகளாகக் கிடந்தது. சூழல் மாறி முந்திக்கொண்டதால் அது ஒருநாளும் பயன்பட்டதில்லை. புதிய வரிசைப்படி அதுதான் முதலில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் சாவி என்பது அடையாளம், ரகசியச் சாவி என்ற ஜோடி; அதில் ரகசியச் சாவிக்கான ப்ராப்பர்டியின் பெயரும் புதிய பதிப்பில் மாறியிருந்ததால், பாதி ஜோடி மட்டும் கிடைத்த எஸ்டிகே அதைத் தள்ளிவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. இது எங்கள் சாமர்த்தியம் அல்ல, அதிர்ஷ்டம்.

சேவைகளைப் பல சர்வர்களில் பரப்பி ஓட்டும் எங்கள் குபர்நெட்டீஸ் கிளஸ்டரில் அந்த அதிர்ஷ்டம் எங்களைக் கைவிட்டது. அங்கே எங்கள் சேவை ஓடும் பெட்டிக்கு, அதாவது பாடுக்கு, என்று தனி ரோல் (அனுமதிகளைக் கொண்ட அடையாளம்) உண்டு. அதற்கான டோக்கன் கோப்பின் பாதையும் ரோலின் பெயரும் சூழல் மாறிகளாக வந்து சேரும். சோதனைச் சூழலில் எல்லாம் சரியாக ஓடியது. உற்பத்திச் சூழலில் முதல் கோப்பைச் சேமிக்கும்போதே 403, அனுமதி மறுப்பு. பாடுக்குள் நுழைந்து, நான் யார் என்று கமாண்ட் லைனில் கேட்டுப் பார்த்தேன். சரியான ரோலின் பெயரே வந்தது. அனுமதிப் பட்டியலை மூன்று முறை வரி வரியாகப் படித்தும் குறை தெரியவில்லை. கடைசியில் குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்தான், "சார், கமாண்ட் லைனுக்குக் கிடைக்கிற ரோல்தான் நம்ம ஆப்புக்கும் கிடைக்குதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். எஸ்டிகேயின் லாக் அளவை டீபக் நிலைக்கு உயர்த்தியதும் விடை கண்முன் வந்தது. டோக்கனைக் கொடுத்துத் தற்காலிகச் சாவி வாங்க எஸ்டிஎஸ் மாட்யூல் கிளாஸ்பாத்தில் (ஜாவா நூலகங்களைத் தேடும் இடத்தில்) இருக்க வேண்டும். அது இல்லாததால் எஸ்டிகே அந்தப் படியைத் தாண்டி, சாவி தேடும் சங்கிலியின் கடைசிப் படிக்கு இறங்கி, பாட் ஓடிய நோடின், அதாவது சர்வரின், ரோலை எடுத்துக்கொண்டிருந்தது. முன்பு எல்லாச் சேவைகளும் அடங்கிய ஒரே பெரிய நூலகத்தைச் சேர்த்திருந்ததால் எஸ்டிஎஸ் தானாகவே உள்ளே இருந்தது. இம்முறை தேவையானதை மட்டும் சேர்க்கிறேன் என்ற பெருமையில் எஸ்3, எஸ்கியூஎஸ் இரண்டை மட்டும் நான்தான் எழுதியிருந்தேன். சோதனைச் சூழலின் நோடுக்கு யாரோ தாராளமாக அனுமதி கொடுத்து வைத்திருந்ததால் அங்கே தவறு மறைந்துவிட்டது.

அன்றே தேடல் சங்கிலியை நம்புவதை நிறுத்தி, ஒவ்வொரு சூழலிலும் எந்த வழியில் சாவி வர வேண்டும் என்பதை நிரலிலேயே வெளிப்படையாக எழுதினோம். சிலர் இதை வளைந்துகொடுக்காத முறை என்பார்கள். தவறான ரோலில் மௌனமாக ஓடுவதைவிடத் தொடக்கத்திலேயே நின்றுவிடுவது மேல் என்பது என் கருத்து.

மிஞ்சியது ஒரே ஒரு வகுப்பு. ஜாருக்குள் (சேவையின் தொகுப்புக் கோப்புக்குள்) வைத்துக் கட்டப்பட்ட ப்ராப்பர்டீஸ் கோப்பிலிருந்து அது சாவியைப் படித்துக்கொண்டிருந்தது. சாவியை அப்படி எடுத்துத் தரும் வசதிக்கு இரண்டாம் பதிப்பில் இணையே இல்லை. கோப்பைத் திறந்தால், ஏகேஐஏ என்று தொடங்கும் நிரந்தரச் சாவி, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடந்தது. கடைசியாகப் பயன்படுத்தப்பட்டது மூன்று வாரங்களுக்கு முன்பு என்று, சாவிகளையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் ஐஏஎம் திரை காட்டியது. அது எங்கள் பழைய பதிப்பின் வேலைதான் என்று முடிவு செய்து, அழிக்காமல் செயலிழக்க மட்டும் செய்தேன். அடுத்த மாதம் முதல் தேதி காலை கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது: "தம்பி, மாத இறுதி விலைப்பட்டியல் ஒன்றும் எங்கள் ஃபோல்டரில் வரவில்லையே?" சாவியை மீண்டும் செயல்படுத்திவிட்டு, அதே சாவியைக் கொண்டு அவர்கள் மேசைக்கடியிலிருந்த கணினியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ஸ்கிரிப்டைப் பார்க்க மாடி இறங்கிப் போனேன்.