காம்பில பிடிச்சுத் தூக்காதை

போன மார்கழியில் காராஜ் கதவைத் திறந்ததும் புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஐந்து மாதம் பார்த்துப் பார்த்து வளர்த்த பட்டர்நட் பூசணி 11இல் 7 கொழகொழத்துக் கிடந்தன. குளிரில் வைத்தால் காய் கெடாது என்று நம்பியிருந்தேன். குழி வெட்டித் தாழ்க்கலாம் என்றால் மண்ணும் கல்லாய் இறுகியிருந்தது. அன்று அழுதேவிட்டேன்.

அம்மம்மா வீட்டில் பூசணிக்காய் கட்டிலுக்குக் கீழே, வைக்கோலின் மேல் மாதக்கணக்காய்த் தன் பாட்டில் கிடக்கும். புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில் அதற்கு வெப்பமானி வேண்டியிருக்கிறது. 10 முதல் 13 பாகை செல்சியஸ். அதற்குக் கீழே நாள்கணக்கில் கிடந்தால் காய்க்கு உள்ளுக்குள்ளேயே அடிபட்டுவிடும்.

இந்த முறை உறைபனிப் பயம் போன பிறகு, வைகாசிக் கடைசியில் கன்று வைத்தேன். பெண் பூ விரிந்த காலைகளில், வேலைக்குப் போகும் உடுப்போடு முழந்தாளிட்டு, ஆண் பூவின் மகரந்தத்தை அதில் தொட்டுவிட்டேன். மதியத்துக்குள் பூ சுருங்கிவிடும், பிறகு பார்க்கலாம் என்று விடமுடியாது. ஐப்பசியில் தோலில் நகம் இறங்காத நாளில், இரண்டு அங்குலம் காம்பு விட்டு வெட்டினேன்.

அப்போதுதான் மகள் ஒரு காயைக் காம்பில் பிடித்துத் தூக்கினாள்.

"காம்பில பிடிச்சுத் தூக்காதை பிள்ளை! காம்பு முறிஞ்சா காய் போச்சு!"

என் வாயிலிருந்து வந்த சொல் மட்டுமல்ல, குரலும் அம்மம்மாவுடையது. மகள் திடுக்கிட்டு, பிறந்த பிள்ளையைப்போல் காயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். காம்பு முறிந்த புண் வழியாகத்தான் அழுகல் உள்ளே இறங்கும். போன வருடம் நான் இழுத்துப் பறித்ததில் எத்தனை காம்பு முறிந்தது! ஏழு வயதில் கேட்ட பேச்சை எப்படி மறந்தேன்?

பத்து நாள் சூடான அறையில் தோல் இறுகவிட்டு, பேஸ்மென்ற்றில் ஒன்றோடொன்று முட்டாமல் அடுக்கினேன். அப்பிள் கூடையை மேலே கொண்டுபோய்விட்டேன், அது விடும் வாயு காயைச் சீக்கிரம் கெடுக்கும்.

பட்டர்நட்டும் ஊரில் நாங்கள் உண்ட பூசணியும் பெரும்பாலும் ஒரே இனம், அறிவியல் பெயர் குக்குர்பிற்றா மொஸ்காற்றா. தாய்வீடு அமெரிக்கக் கண்டம். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒரே மேட்டில் நட்டு 'மூன்று சகோதரிகள்' என்றார்கள். அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது, கடல் கடந்து போய் எங்கள் வீட்டில் குடியேறிய காயின் வழிவந்தது! அதை அறிந்த நாளிலிருந்து இந்தக் கொல்லையில் எனக்குக் கூச்சம் குறைந்துவிட்டது.

தையில் முதல் காயை வெட்டினேன். கிடக்கக் கிடக்கக் காயிலுள்ள மாச்சத்து சீனியாக மாறுமாம். தேங்காய்ப்பால் விட்டுப் பச்சைமிளகாயோடு வைத்த கறி, வாயில் வைத்ததும் கரைந்தது. இனி இது என் ஊர்தான் என்று சொல்லிக்கொண்டேதான் பரிமாறினேன்.

ஆனால் நேற்று நித்திரை வராமல் பேஸ்மென்ற்றுக்கு இறங்கிப் போய், இருட்டில் ஒவ்வொரு காம்பாய்த் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் காய்ந்து இறுகியிருந்தன. வரும் வருடம் எங்கேயாவது கொஞ்சம் வைக்கோல் தேடவேண்டும்.