கறிவேப்பிலைக் கொழுந்து மஞ்சளாகும்போது

யாழ்ப்பாணத்து வீட்டுத்தோட்டங்களில் கறிவேப்பிலைக் கன்றின் இளங்கொழுந்து மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாக நின்றால், பலர் உடனே யூரியா போடுகிறார்கள். அதனால் பயனில்லை. யூரியா தருவது தழைச்சத்து (நைதரசன்). அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலுள்ள முதிர்ந்த இலைகளே. கொழுந்தில் தொடங்கும் மஞ்சள் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைபாட்டையே காட்டும், ஏனெனில் முதிர்ந்த இலையிலுள்ள இரும்பு கொழுந்துக்கு எளிதில் நகர்வதில்லை. சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நம் குடாநாட்டில் கிணற்று நீர் சுண்ணாம்பு கரைந்த வன்னீராக இருப்பதால், அதையே நாள்தோறும் ஊற்ற, குறிப்பாகச் சாடியில் வளரும் கன்றின் மண் காரத்தன்மை அடைகிறது. அதனால் மண்ணில் இரும்பு இருந்தாலும் அது வேருக்கு எட்டுவதில்லை.

மக்கிய மாட்டெருவைத் தாராளமாக இடுவதும், மாரிமழை நீரைச் சேமித்துச் சாடிகளுக்கு ஊற்றுவதுமே நிலையான வழி என்பது என் உறுதியான எண்ணம். உடனடித் தேவைக்கு, ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் பெரசு சல்பேற்றை (இரும்பு உப்பை)க் கரைத்துப் பின்னேரத்தில் இலைகளில் தெளிக்கலாம். அடுப்புச் சாம்பலை மட்டும் இத்தகைய கன்றுக்குப் போடவே கூடாது. அது காரத்தை மேலும் கூட்டும்.

இலையைப் பார்த்தே காரணத்தை ஊகிப்பது மிளகாய்க்கும் பொருந்தும். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனையும், கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியையும் (இரண்டும் சாறு உறிஞ்சும் மிகச்சிறிய உயிரிகள்) முதலில் சந்தேகிக்க வேண்டும். தொடக்கத்திலேயே கவனித்தால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, வடித்து, இலையின் அடிப்புறம் நனையத் தெளிப்பது நல்ல பலன் தரும்.