ஆடைத் தொழிற்சாலையில் முதலில் பார்க்க வேண்டியது படிக்கட்டு

ஆடிட் வருகிறவர்கள் பலர் தீயணைப்பான்களை எண்ணி, அதில் தொங்கும் சீட்டில் தேதியைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தீ விபத்தில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது புகை. புகை ஏறும் வழியும் ஆட்கள் இறங்கும் வழியும் ஒன்றே என்றால் தீயணைப்பான் எத்தனை இருந்தும் பயனில்லை.

2012 நவம்பர் 24 அன்று டாக்காவை அடுத்த ஆஷுலியாவில் தஸ்ரீன் ஃபேஷன்ஸ் என்ற ஆடை ஆலை எரிந்தபோது நடந்தது இதுதான். துணியும் நூலும் குவித்திருந்த தரைத்தளத்தில் தீப்பிடித்தது. படிக்கட்டுகள் மூன்று, மூன்றும் அந்தக் கிடங்கிலேயே வந்து இறங்கின. அலாரம் அடித்த பிறகும் தொழிலாளர்களை மெஷினுக்குத் திருப்பி அனுப்பினார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் மாண்டார்கள். ஜன்னல்களில் கம்பி. தொழிலாளர் பாதுகாப்பும் நிலைமையும் சரியாக இருப்பதாகச் சொல்லும் எஸ்ஏ 8000 சான்றிதழ் அந்த ஆலையின் கைக்கு வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

2013-இல் வங்கதேசத்தில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு, ஆலைகளின் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக, ஆடை வாங்கும் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் அக்கார்ட் ஒப்பந்தம் வந்தது. அதன் பொறியாளர்கள் ஆலை ஆலையாகக் கண்டவை: பூட்டக்கூடிய மடக்கு கேட், சுவரும் கதவும் இல்லாத படிக்கட்டு.

ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டைச் சுவர் கட்டி மூடி, தீ தாங்கும் கதவு போட வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், தானாக மூடிக்கொள்ள வேண்டும். பூட்டுக்குப் பதில் பேனிக் பார், அதாவது கதவின் குறுக்கே பொருத்தும் தள்ளு கம்பி. உடம்பால் தள்ளினாலே திறந்துவிடும். துணி திருட்டுப் போகும் என்றுதான் முதலாளிகள் பூட்டுகிறார்கள். கதவு திறந்தால் ஒலிக்கும் மணியை வைத்தால் அந்தக் கவலை தீரும்.

கதவு மாட்டிய பிறகும் கோளாறு வரும். நிலைக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விட்டால் புகை அதன் வழியே வரும். புழுக்கம் தாங்காமல் துணி பண்டிலை அண்டக் கொடுத்துக் கதவைத் திறந்தே வைப்பார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, காற்றுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் போட வேண்டும்.

சோதனைக்குப் போனால் ஷிப்மென்ட்டுக்கு முந்தின நாள் சொல்லாமல் போங்கள். அட்டைப்பெட்டிகள் படிக்கட்டு மேடை வரை அடுக்கியிருப்பது அன்றைக்குத்தான் தெரியும்.