கயிறு கழற்றாத ஓராண்டு: இரண்டு பீகிள்களுடன் மலையும் மைதானமும்

எங்கள் வீட்டில் பீகிள் இரண்டு. சுக்கு பெண், ஐந்து வயது, எலுமிச்சை நிறமும் வெள்ளையும். மிளகு ஆண், இரண்டு வயது முடிந்துவிட்டது, கறுப்பு, பழுப்பு, வெள்ளை மூன்றும் கலந்தவன். ஷெஃபீல்டில் இருக்கிறோம். ஊரின் மேற்கு எல்லையைத் தாண்டினால் பீக் டிஸ்ட்ரிக்ட் தொடங்கிவிடும். பிரிட்டனில் முதன்முதலாக, 1951-இல், தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மேட்டுநிலம். போன இலையுதிர் காலத்திலிருந்து இருவரையும் மலைக்கும் நாய் விளையாட்டு வகுப்புகளுக்கும் கூட்டிக்கொண்டு போகிறோம். அவ்வப்போது குறித்து வைத்ததைக் கோத்து எழுதுகிறேன்.

தொடங்கும்போதே ஒன்றைத் தீர்மானித்துக்கொண்டோம். வேலி போட்ட இடத்தைத் தவிர வேறெங்கும் கயிற்றைக் கழற்றுவதில்லை. பீகிளை ‘ஹேர்’ என்ற பெரிய காட்டு முயலின் வேட்டைக்காக வளர்த்தார்கள். கூட்டமாக நாய்கள் மோப்பம் பிடித்து முன்னால் ஓடும்; மனிதர்கள் குதிரை இல்லாமல் கால்நடையாகப் பின்னால் போவார்கள். ஆள் வருகிறானா என்று திரும்பிப் பார்க்கிற நாய் அந்த வேலைக்கு ஆகாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை விட்டு அந்த முயலை வேட்டையாடுவதை 2004-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அந்தச் சட்டத்தை எங்கள் மிளகு இன்னும் படிக்கவில்லை.

அக்டோபர்

முதல் மலை மாம் டோர். உயரம் 517 மீட்டர்தான், கொடைக்கானல் பார்த்தவர்கள் இதை மலை என்றே சொல்ல மாட்டார்கள். ஆனால் உச்சியில் ஒரு மரம் கிடையாது, காற்று நம்மைத் தள்ளிக்கொண்டு போகும். மண்சரிவு ஓயாததால் ‘நடுங்கும் மலை’ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அடிவாரத்துத் தார்ச்சாலையைச் செப்பனிட்டுச் செப்பனிட்டு அலுத்துப்போய் 1979-இல் மூடிவிட்டார்கள். அந்த உடைந்த சாலை இன்னும் அப்படியே கிடக்கிறது. படிக்கட்டு மாதிரி இறங்கிப் போயிருக்கும் தார்ப்பாளங்களில் ஏறித் தாவுவது நாய்களுக்குக் கொண்டாட்டம். மேலே போனால் முகட்டோடு கல் பாவிய பாதை, ஹாலின்ஸ் கிராஸ் வழியாக 476 மீட்டர் உயரமுள்ள லூஸ் ஹில் வரை.

கயிறு பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், பலன் முழுக்க அதில்தான் இருக்கிறது. நாங்கள் வைத்திருப்பது பத்து மீட்டர் நீளமுள்ள பயோதேன் கயிறு. ரப்பர் மாதிரி இருக்கும், தண்ணீர் குடிக்காது, சேற்றில் இழுத்தாலும் ஒரு துணியால் துடைத்தால் போதும். துணிக்கயிறு இந்த ஊர் ஈரத்துக்கு ஊறிக் கனத்துவிடும். நீளக்கயிற்றைக் கழுத்துப்பட்டையில் மாட்டவே கூடாது. பத்து மீட்டர் ஓடி முடித்த வேகத்தில் கயிறு முடிந்தால் கழுத்து என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள். மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸின் முதுகு வளையத்தில் மாட்ட வேண்டும், கையில் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்கள் நிறைய வரும் முகட்டில் இரண்டு மீட்டருக்குச் சுருட்டிக்கொள்கிறோம். வெட்டவெளி வந்ததும் விட்டுக்கொடுக்கிறோம். ஒருவர் கையில் ஒரு நாய், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே ஆள் பிடித்தால் சிக்கல் எடுப்பதற்கே பொழுது போய்விடும்.

எங்கள் நடை வேகம் பற்றிப் பெருமையாகச் சொல்ல எதுவுமில்லை. சாந்தில்லாமல் அடுக்கிய கல்மதில் ஒவ்வொன்றின் அடியிலும் நின்று முகர்ந்தாக வேண்டும். முதலில் இழுத்துக்கொண்டே போனோம். பிறகு அந்த நிறுத்தங்களையும் நடைக்கணக்கில் சேர்த்துக்கொண்டோம். முகர விட்டுவிட்டு ‘போலாம்’ என்றால் இப்போது இருவரும் கிளம்பிவிடுகிறார்கள். நாய்க்கு நடை என்பது பெரும்பாலும் இதுதான் என்பது என் அபிப்பிராயம். உச்சி, காட்சி, படம் எல்லாம் நமக்கு.

சாப்பாட்டு விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். மலையேறுகிறவர்கள் உட்கார்ந்து சாப்பிடும் பாறைகளைச் சுற்றிக் கொட்டையும் உலர்திராட்சையும் சிதறிக் கிடக்கும். திராட்சை, காய்ந்ததோ பச்சையோ, நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவ்வளவு தின்றால் ஆபத்து என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. அதனால் அந்த இடங்களைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கடக்கிறோம். சாக்லேட்டும் அப்படியே.

நவம்பர், டிசம்பர்

அஜிலிட்டி வகுப்பு. நாய் தடைகளைத் தாண்டி, குழாய்க்குள் புகுந்து, ஆள் காட்டும் வரிசையில் ஓட வேண்டும். 1978-இல் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளையை நிரப்ப, குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்து ஒப்பேற்றிய ஆட்டம் இது. இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. பிரிட்டனின் நாய்ச் சங்கமான கென்னல் கிளப்பின் விதிப்படி தோள் உயரம் 350 மில்லிமீட்டர் வரை இருந்தால் சிறிய நாய், அதற்கு மேல் 430 வரை நடுத்தரம். பீகிள் 33-லிருந்து 40 சென்டிமீட்டர் வரை வளரும் இனம் என்பதால் இந்தக் கோடு எங்கள் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது: சுக்கு சிறியவள், தாண்ட வேண்டியது 300 மில்லிமீட்டர், மிளகு நடுத்தரம், அவனுக்கு 400. பதினெட்டு மாதம் ஆகாத நாய் போட்டியில் இறங்க முடியாது. எலும்பு முற்றும் முன்னே உயரம் தாண்ட விடக் கூடாது என்று பயிற்சியாளர்களும் சொல்கிறார்கள். அதனால் மிளகுக்கு இந்தக் குளிர்காலம்தான் தொடக்கம்.

வேலி போட்ட மணல் கொட்டகை. இங்கே மட்டும் கயிறு கழன்றது. மிளகு குழாய்க்குள் போவான். மறுமுனையில் நான் நின்று கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். உள்ளே முந்தைய நாயின் பிஸ்கட் துணுக்கு கிடைத்திருக்கும். பக்கத்தில் பார்டர் காலி என்ற ஆடு மேய்க்கும் இனத்து நாய் ஒரு சுற்றை முடித்துவிட்டு உட்காரும்போது நம்மாள் குழாயிலிருந்து தலையை மட்டும் நீட்டுவான். பார்டர் காலி என்பது மனிதனின் முகத்தைப் பார்த்து ஓடும் நாய். பீகிளுக்கு முகம் பார்க்கக் காரணம் கொடுக்க வேண்டும். எங்களுக்கு உதவியது இதுதான்: என் கையிலிருந்து தீனி கொடுப்பதை நிறுத்தி, கடைசித் தடைக்குப் பின்னால் ஒரு மூடிய டப்பாவை வைத்து, அவன் அங்கே வந்தால் மட்டும் திறப்பது. டப்பா எங்கே என்று தெரிந்துவிட்டால் நேர்கோட்டில் ஓடுகிறான். மேலும் கீழும் ஆடும் சீசா பலகையின் ‘டப்’ என்ற சத்தம்தான் இன்னும் பிடிக்கவில்லை. அவசரப்படுத்தவில்லை; பலகையின் கீழே மெத்தை போட்டுச் சத்தத்தைக் குறைத்திருக்கிறோம்.

சுக்குவை ஹூப்பர்ஸுக்கு மாற்றிவிட்டோம். அதில் தாண்டுவது கிடையாது. தரையோடு வளைவுகளுக்குள் புகுந்து, பீப்பாயைச் சுற்றி ஓட வேண்டும். ஆள் ஒரே இடத்தில் நின்று சைகை காட்டலாம். ஒன்றரைக் கிலோ கூடுதலாக வைத்திருக்கும் பெண்ணின் மூட்டுகளுக்கு அது போதும்.

ஜனவரி, பிப்ரவரி

எழுத எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வந்துவிட்டேன். சென்ட்வொர்க் என்று ஒரு விளையாட்டு. போதைப்பொருள் தேடும் நாய்க்குக் கொடுக்கும் பயிற்சியை வீட்டு நாய்க்குக் கொடுக்கிறார்கள், பொருள் மட்டும் வேறு. எங்கள் வகுப்பில் முதல் வாசனை கிராம்பு! பஞ்சுத்துணித் துண்டைக் கிராம்போடு புட்டியில் அடைத்து வைத்து, வாசம் ஏறியதும் ஒரு துண்டை ஓட்டை போட்ட சின்னத் தகர டப்பாவில் போடுவார்கள். முதலில் டப்பாவை முகர்ந்தவுடன் தீனி. பிறகு அதை நாற்காலிக்கு அடியில், கதவிடுக்கில், காரின் சக்கர வளைவில் ஒளித்து வைத்துத் தேட விடுவார்கள். கண்டதும் நாய் தொடாமல், கடிக்காமல் அசையாமல் நிற்க வேண்டும். ‘இங்கே’ என்று நாம் அறிவிக்க வேண்டும்.

தமிழ்ச் சமையலறை உள்ளவர்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம். பிரியாணி செய்த ஞாயிற்றுக்கிழமை மாலை சுக்கு என் கோட்டுப் பையின் முன்னால் சிலை மாதிரி நின்றுவிட்டாள். பை காலி. வாசம் துணியில்! அவள் சொன்னது சரிதானே, தீனி கொடுத்தேன். அதிலிருந்து பயிற்சிப் புட்டி கராஜில், அஞ்சறைப்பெட்டி வீட்டில், வகுப்புக்குப் போகும் துணி தனி.

இந்த விளையாட்டில் கற்றுக்கொள்வது நாயல்ல, நாம்தான். வாசனை ஒளித்த இடத்திலேயே நிற்பதில்லை. ஹீட்டர் ஓடினால் மேலே ஏறிச் சுவரோரம் இறங்குகிறது. கதவிடுக்கில் காற்று வந்தால் எதிர்மூலையில் போய்த் தேங்குகிறது. சுக்கு தேங்கிய இடத்தில் சுற்றிவிட்டு, சட்டென்று தலையைத் திருப்பி, வால் ஆட்டம் வேகமெடுத்து, மெல்ல மெல்ல ஊற்றுக்குத் திரும்புவாள். அந்தத் தலைத்திருப்பத்தைக் கவனிக்காமல் ‘இங்கே வா’ என்று நான் இழுத்தால் வேலை கெட்டது. கால்மணி நேரத் தேடலுக்குப் பிறகு அவள் தூங்குகிற தூக்கம் லூஸ் ஹில் போய் வந்த நாளில்கூடக் கிடையாது.

அமெரிக்க விமான நிலையங்களில் பச்சை நிற மேலங்கி போட்டுக்கொண்டு பெட்டிகளை முகர்ந்து, பழத்தையும் கறிவேப்பிலையையும் காட்டிக்கொடுக்கும் பீகிள்களை நம்மவர்களில் பலர் சந்தித்திருப்பார்கள். 1984-இல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் அந்தப் படை தொடங்கியது. சின்ன உருவம், பயமுறுத்தாத முகம், சாப்பாட்டுக்காக எதையும் செய்யும் சுபாவம் எல்லாம் சேர்ந்துதான் அந்த வேலைக்கு இந்த இனம்.

மார்ச், ஏப்ரல்

குட்டி போடும் காலம். மலை முழுக்கச் செம்மறி. திறந்த மேட்டுநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை இரண்டு மீட்டருக்கு மிகாத கயிற்றில்தான் நாய் இருக்க வேண்டும் என்பது சட்டம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக. ஆடுமாடு அருகில் இருந்தால் வருடம் முழுக்க அதே விதி. சினை ஆட்டைக் கடிக்கவே வேண்டாம், துரத்தினாலே கரு கலைந்துவிடும். சில மேட்டுநிலங்களில் நாய்க்கு அனுமதியே இல்லை. வாசற்கதவில் பலகை இருக்கும், அதைப் பார்த்துவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

நீளக்கயிறு இந்த மாதங்களில் பையில்தான். வீடியோவில் பார்த்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை.

“ஏன்டி, பிள்ளைகளைக் கட்டியே இழுத்துக்கிட்டுத் திரியிறியே. மலைக்கு மேல போயாவது அவுத்து விடக் கூடாதா?”

“ஆட்டைக் கண்டா ஓடிருவாம்மா. ஆடு முழுக்க அவுத்து விட்டுத்தான் மேயுது.”

“மேய்க்கிற ஆளு இருப்பாகல்ல?”

இல்லை. மேய்க்கிற ஆளும் இல்லை, கிடை போடுவதும் இல்லை. இன்னின்ன சரிவு நமது என்று தாய் ஆட்டிடமிருந்து குட்டி கற்றுக்கொண்டு தலைமுறையாக அங்கேயே மேய்கின்றன. அம்மா அதற்கப்புறம் நாயை விட்டுவிட்டு ஆட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

கயிற்றை விட வேண்டிய தருணம் ஒன்று உண்டு. கன்றோடு இருக்கும் மாடு நம்மை நோக்கி வந்தால் கையைத் திறந்துவிட வேண்டும். மாடு குறிவைப்பது நாயை. நாய் ஓடித் தப்பிவிடும், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆள்தான் மிதிபடுவார். இவரும் நானும் வீட்டுத் தோட்டத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறோம், ஏனென்றால் பயந்த கை இறுகத்தான் செய்யும். இதுவரை தேவைப்படவில்லை, மாடு நிற்கும் வயலைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.

மே, ஜூன்

உண்ணி. பெரணிப் புதர் உயர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் காது மடல், அக்குள், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பார்க்கிறோம். எண்ணெய் வைப்பது, நெருப்புக் காட்டுவது வேண்டாம். கொக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறது, தோலோடு ஒட்டி நுழைத்துச் சுழற்றினால் முழுசாக வந்துவிடும். புதருக்குள் நாய் எங்கே இருக்கிறது என்று தெரிய வால்நுனி வெள்ளை உதவுகிறது. அந்த வெள்ளையைப் பீகிள் இனத்தின் இலக்கணத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மேன்டிரெய்லிங் தொடங்கியதும் இந்த மாதங்களில்தான். ஒருவர் தன் காலுறையைப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய் ஒளிந்துகொள்வார். நாய் அதை முகர்ந்து, அந்த ஆளின் தடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டும். ஹார்னஸ், நீளக்கயிறு, தலை கீழே, ஆள் பின்னால்! பீகிளுக்கு இதில் புதிதாகக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. எந்த வாசனை என்று மட்டும் சொன்னால் போதும். திரும்பிக் கூப்பிட வேண்டிய அவசியமே வராத விளையாட்டு. அஜிலிட்டியில் குழாய்க்குள் உட்கார்ந்திருந்த அதே மிளகு இங்கே மூன்று தெருமுனைகளைத் தயங்காமல் திரும்பினான்.

ஆள் நடந்த கோட்டிலேயே அவன் போவதில்லை. நம் தோலிலிருந்து உதிரும் துகள்கள் காற்றில் நகர்ந்து சுவரோரமும் புல்விளிம்பிலும் தங்குகின்றன, அதனால் தெருவின் மறுபக்கமாகவே முழுத் தடத்தையும் முடிப்பான். சந்தியில் தலையைத் தூக்கி வட்டமடித்தால் தடம் முடிந்துவிட்டது என்று பொருள். ஓரடி பின்வாங்கி அவனுக்கு இடம் கொடுக்க வேண்டும். கயிற்றின் இறுக்கம் மாறாமல் வைத்திருப்பது என் வேலை. நான் தயங்கினால் அது கயிறு வழியாக அவனுக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த, ஈரமான காலை நல்லது. காய்ந்த தாரில் சீக்கிரம் திணறுகிறான். நரித் தடம் குறுக்கே வந்தால் அன்றைய பாடம் அதோடு சரி.

ஜூலை

மிளகு குதியும் குழாயும் மட்டும் உள்ள சுற்றைப் பெரும்பாலும் முடிக்கிறான். அடுத்தடுத்து நிற்கும் பன்னிரண்டு கம்பங்களுக்கிடையே வளைந்து போவதில் பாதியில் மனம் மாறிவிடுகிறது. போட்டிக்கு இந்த வருடம் போகப்போவதில்லை. அந்த நேரத்தையும் கட்டணத்தையும் மேன்டிரெய்லிங்குக்கு மாற்றுகிறோம், அடுத்தது நகர மையத்தில் தடம். சுக்குவுக்கு இலையுதிர் காலத்தில் சென்ட்வொர்க்கின் முதல் நிலைத் தேர்வு. எடையும் ஒரு கிலோ இறங்கியிருக்கிறது, தீனியை அன்றாடச் சாப்பாட்டிலிருந்தே அளந்து எடுப்பதால்.

ஆகஸ்டில் கிண்டர் ஸ்கவுட், 636 மீட்டர். நடக்கும் உரிமை கேட்டு 1932 ஏப்ரலில் நூற்றுக்கணக்கானவர்கள் அத்துமீறி ஏறிய மலை. ஷெஃபீல்டிலிருந்து அடிவாரத்து ஊரான ஈடேலுக்கு ரயில் இருக்கிறது. ஒரு பயணிக்கு இரண்டு நாய் வரை கட்டணமில்லை. மேலே கரிநிலச் சேறும் மூடுபனியும் என்பதால் ஜேக்கப்ஸ் லேடர் என்ற கற்படிப் பாதை வழியாக ஏறி அதே வழியில் இறங்குவதாகத் திட்டம். மிளகை யார் பிடிப்பது என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. போன தடவை இவர் தோள் வலி என்றார், எனக்கும் அதே தோள்தான்.