கூரையில் இருந்த பதினொரு வட்டப் பெட்டிகள்

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் எங்கள் சங்கத்துக்கு ஒரு பழைய கட்டடம் கிடைத்தது. மீள்குடியேற்றக் காலத்தில் அது ஒரு திட்ட அலுவலகம். பிறகு களஞ்சியமானது, கடைசியில் வௌவால்கள் குடிவந்தன. துப்புரவாக்கித் திறக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரு கிழமை வேலை என்று நினைத்தேன். பத்து மாதம் போனது.

கண்ணிவெடி அகற்றிய பத்திரம் கையில் இருந்ததால் காணி துப்புரவு முடிந்ததென்றே நினைத்திருந்தோம். வன்னியில் எங்களுக்குத் துப்புரவு என்றால் வெடிதான்.

உள்ளே தடைசெய்து பல வருடமான பரகுவாட் களைகொல்லி மருந்துப் போத்தல்கள், வீங்கிய பற்றரிகள், ரியூப் லைற். மேலே அஸ்பெஸ்டஸ் சீற். கீழே கிடந்ததையெல்லாம் ஒரே மூலையில் குவித்தேன். பெரிய பிழை. மூடி கசிந்த மருந்து பற்றரிப் பெட்டிகளை நனைத்து, தனித்தனியாக இருந்த இரண்டு தலையிடி ஒன்றானது. கையுறை போட்டுப் பிரிக்க மூன்று நாள் போனது.

அந்த நேரம்தான் பழைய இரும்புக்காரர் வந்தார். "அண்ணை, எல்லாத்தையும் சேர்த்து ஒரு விலைக்குத் தாங்கோ" என்றார். உண்மையைச் சொன்னால், மனம் ஆடத்தான் செய்தது. அதற்குள் அவர் ஏணி வைத்து, கூரையிலிருந்த புகை உணரி ஒன்றைத் திருகிக் கழற்றிவிட்டார். அடியில் மஞ்சள் ஸ்ரிக்கர், மூன்று இதழ்.

"உதென்ன, ஃபானின்ர படமோ?"

மண்டையோட்டுப் பலகையைக் கண்டால் இங்கே சின்னப்பிள்ளையும் ஒதுங்கி நடக்கும். இந்தப் படத்தை ஒருவருக்கும் தெரியாது. எழுத்தைக் கூட்டி வாசித்தேன்: அமெரிசியம்-241. கதிரியக்கப் பொருள்.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக எழுதி மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு அனுப்பினேன். மருந்தும் பற்றரியும் 2008ஆம் ஆண்டின் 1534/18 வர்த்தமானிப்படி அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு, அதாவது ஆபத்தான கழிவு, அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் மட்டுமே கொடுக்கலாம் என்றார்கள். கதிரியக்கப் பொருளுக்கு வேறு சட்டம், 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம். அதற்கு அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையிடம் போக வேண்டும். சரி, இரண்டு கோவை திறந்தேன்.

அனுமதி உள்ளவர்கள் எங்கள் சொற்ப போத்தல்களுக்காக லொறி அனுப்ப மாட்டார்கள். பக்கத்துச் சங்கங்களிலும் தேடி, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சுமையாக்கத்தான் மாதங்கள் ஓடின. அஸ்பெஸ்டஸ் சீற்றைத் தண்ணீர் தெளித்து, உடைக்காமல் ஆணி கழற்றி இறக்கினோம். அதைப் பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

உணரி பற்றி தொலைபேசியில் ஒரு அதிகாரி பொறுமையாக விளங்கப்படுத்தினார். அதிலிருந்து வரும் அல்பாக் கதிரை ஒரு கடுதாசியே தடுத்துவிடும். ஆனால் உடைத்துத் தூள் உள்ளே போனால் கதை வேறு. 1987இல் பிரேசிலின் கோயானியாவில் கைவிட்ட கதிர்ச்சிகிச்சைக் கருவி ஒன்றைப் பழைய இரும்புக்கென்று எடுத்து உடைத்து நாலு பேர் செத்ததையும் சொன்னார். அதில் இருந்தது சீசியம் என்ற கதிரியக்கப் பொருள், இதைவிடப் பலமடங்கு பெரிது. ஆனால் ஆரம்பம் ஒரே மாதிரி: ஒரு ஏணி, ஒரு திருகாணி. திறக்காமல், எண்ணி, பெட்டியில் பூட்டி வைக்கச் சொன்னார்.

எண்ணினேன். கூரையில் பதினொரு தடம், கையில் பத்து உணரி.

பழைய காவல்கார ஐயாவைத் தேடி உருத்திரபுரம் போனேன். தயங்காமல் அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனார். கூரை வளையில் உணரி கம்பியால் கட்டித் தொங்கியது. "புகை வந்தால் கத்தும் எண்டு கொளுவினன் தம்பி. ஏழு வருசமா ஒருநாளும் கத்தேல்லை."

உடையவில்லை. விறகுக் கரி அப்பி, மஞ்சள் ஸ்ரிக்கர் முழுக்கக் கறுத்துக் கிடந்தது. துடைக்காமல் அப்படியே பையில் போட்டுக் கட்டி, பதிவேட்டில் பத்தை வெட்டி 11 என்று எழுதினேன்.